பர்மாவில் இறந்த பெரிய தாத்தா – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் பல்லாவரத்தில் இருக்கிறேன். என் தாத்தாவின் அண்ணன் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்து 1944-இல் பர்மாவில் இறந்துபோனார். கல்யாணம்கூட ஆகவில்லை. நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் தேடிப் பார்த்தேன், பெயர் இல்லை. வீட்டில் பேச்செடுத்தால் 'வெள்ளைக்காரனுக்காகச் செத்தவன்' என்று சித்தப்பா முடித்துவிடுகிறார். வேறு எங்கே தேடுவது?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நந்தம்பாக்கத்தில் அவர் பெயர் கிடைக்காது. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் ஊர் ஊராகச் சிதறிக்கிடந்த இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளை ஒரே இடத்தில் சேர்ப்பதற்காக 1952-இல் உண்டாக்கியது அது. பின்பக்கம் ஆயிரத்துக்கு மேல் பெயர்களோடு இருக்கும் நினைவுச் சின்னம் முதல் உலகப் போருக்கானது.

பர்மாவில் இறந்து கல்லறை இல்லாமல் போனவர்களின் பெயர்கள் ரங்கூனுக்கு வடக்கே தௌக்யானில் தூண் தூணாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன, கிட்டத்தட்ட 27,000 பெயர்கள். தகனம் செய்யப்பட்டவர்களுக்கு அங்கேயே தனி நினைவிடமும் உண்டு. இதற்காக ரங்கூன் போக வேண்டாம், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம். ஆனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ராமசாமியை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதி வைத்திருப்பார்கள் (சில குமாஸ்தாக்களுக்குப் புது விதங்களும் தோன்றியிருக்கும்). படைப்பிரிவு, இறந்த வருஷம், நாடு என்று சுருக்கிக்கொண்டே வாருங்கள். சாப்பர்ஸ் என்று கிடைக்காவிட்டால் 'இந்தியன் இன்ஜினியர்ஸ்' என்று போட்டுப் பாருங்கள். பல பதிவுகளில் அப்பா பெயரும் ஊரும் இருக்கும், ஆளை அதை வைத்துத்தான் உறுதி செய்ய முடியும்.

சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். அன்றைய செங்கல்பட்டு ஜில்லா கீழ்ஒட்டிவாக்கத்துக்காரர் சுபேதார் சுப்பிரமணியன், உங்கள் பெரிய தாத்தாவின் அதே மெட்ராஸ் சாப்பர்ஸ். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ பக்கம் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தபோது முன்னால் போனவரின் கால் ஒரு வெடியின் மேல் பட்டுவிட்டது, சில விநாடிகளில் அது வெடித்துச் சிதறும் என்று தெரிந்தே அதன் மேல் விழுந்து மூடிக்கொண்டார், கூட வந்தவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருதைக் கொடுத்தார்கள். அந்தக் கணத்தில் அவர் மனதில் லண்டன் ராஜாவா இருந்திருப்பார்? பக்கத்தில் நின்ற பையன்கள்தான் இருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். அந்தப் போரில் இந்தியப் படையில் இருந்த சுமார் 25 லட்சம் பேரில் யாரையும் கட்டாயச் சட்டம் போட்டுப் பிடித்துப் போகவில்லை, அதே சமயம் சம்பளமும் மூன்று வேளைச் சாப்பாடும் இல்லாவிட்டால் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்பதும் நியாயமான கேள்விதான். வீட்டுக்கு மணியார்டர் அனுப்பிக்கொண்டிருந்த ஒரு இளைஞனைத் தியாகி ஆக்கவும் வேண்டாம், துரோகி ஆக்கவும் வேண்டாம்.

அப்புறம், முக்கியமான ஒன்று. மகன் இறந்ததற்காக உங்கள் கொள்ளுப்பாட்டிக்கு பென்ஷன் வந்திருக்க வாய்ப்புண்டு. பழைய டிரங்குப் பெட்டியில் அந்தக் காகிதம் இருக்கிறதா என்று சித்தப்பாவிடமே கேளுங்கள், அதில் படை எண் இருக்கும். எண் கிடைத்துவிட்டால் பெங்களூரில் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் (சாப்பர்ஸின் இன்றைய பெயர்) ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு எழுதிக் கேட்கலாம். மெயிலை மட்டும் நம்பிக்கொண்டிருக்காமல் ரிஜிஸ்டர் தபாலிலும் போடுங்கள்.