வலிப்புக்கு ஆபரேஷன் செய்தால் பத்து வருஷம் கழித்தும் பலன் நிற்குமா?

"தம்பிக்கு 26 வயது, 11 வருஷமாக ஃபிட்ஸ். மூன்று மாத்திரை மாற்றியாயிற்று, நிற்கவில்லை. எம்ஆர்ஐயில் மூளையில் ஞாபகத்துக்கான பகுதியான ஹிப்போகாம்பஸ் வலது பக்கம் சுருங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்யலாம் என்கிறார்கள். செய்தால் அடியோடு போய்விடுமா? மாத்திரையை நிறுத்தலாமா?" ஓர் அக்காவின் கேள்வி இது.

அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சரியான மாத்திரை இரண்டைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காதவர்களுக்கு, மூன்றாவதோ நான்காவதோ முழுசாக நிறுத்திவிடுவது அபூர்வம். அதனால் இன்னொரு மாத்திரை பார்க்கலாம் என்று வருஷங்களைக் கடத்த வேண்டாம். 2001-ல் வெளியான கனடா ஆய்வில் டெம்போரல் லோப் (காதுக்கு உட்புறம் உள்ள மூளைப் பகுதி, ஹிப்போகாம்பஸ் இருப்பது இதற்குள்தான்) வலிப்புள்ள 80 பேரில் பாதிப் பேருக்கு ஆபரேஷன், மீதிப் பேருக்கு மாத்திரை மட்டும். ஒரு வருஷம் கழித்து நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் ஆபரேஷன் பக்கம் 58 சதவீதம், மாத்திரைப் பக்கம் வெறும் 8.

சரி, அதற்கப்புறம்? லண்டனில் ஆபரேஷன் செய்துகொண்ட 615 பேரைப் பல வருஷம் பின்தொடர்ந்து 2011-ல் எழுதினார்கள். 5 வருஷம் வரை வலிப்பு திரும்பாதவர்கள் 52 சதவீதம், 10 வருஷம் வரை 47. இரண்டுக்கும் இடையே எவ்வளவு குறைவான இறக்கம் பாருங்கள். திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் ஆரம்ப வருஷங்களிலேயே திரும்பிவிடும், வலிப்பில்லாமல் நாள் போகப்போக அந்தப் பயம் குறைந்துகொண்டே வரும். சிலருக்கு வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுகிற மாதிரி ஒரு நொடி வந்து போகும், ஆனால் முன்புபோல வெறித்துப் பார்த்து, வாயை மென்று, சட்டை நுனியைப் பிசைகிற நிலைக்குப் போகாது. லண்டன் கணக்கில் இவர்களும் வலிப்பு திரும்பாதவர்கள் பக்கத்தில்தான் சேர்த்தி.

மாத்திரை விஷயத்தில் அவசரம் கூடாது. அதே ஆய்வில் வலிப்பு நின்றவர்களிலும் 28 சதவீதம் பேர்தான் மாத்திரையை முழுதாக விட்டிருந்தார்கள். டாக்டர் மெல்ல மெல்லக் குறைப்பார், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பார்வையில் மேல் மூலை கொஞ்சம் மறைவது உண்டு, பலர் அதை உணர்வதேயில்லை. சொற்களை நினைவில் வைக்கும் திறன் பாதிப்பது இடது பக்க ஆபரேஷனில்தான் அதிகம், ஆனாலும் ஞாபகச் சோதனையை முன்னாலேயே செய்துவிடுங்கள். முதல் சில மாதம் மனச்சோர்வு வரலாம், வீட்டில் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை ஆஸ்பத்திரியில் 1995-லிருந்து இந்த ஆபரேஷன் நடக்கிறது. எங்கே போனாலும், வீடியோ ஈஈஜியில் (மூளையின் மின் அலைகளையும் வலிப்பு வரும் காட்சியையும் சேர்த்துப் பதிவு செய்யும் சோதனை) வலிப்பு கிளம்பும் இடமும் ஸ்கேனில் சுருங்கிய இடமும் ஒன்றுதானா என்று கேளுங்கள். தம்பிக்கு ஃபிட்ஸ் வரும்போது யாராவது ஃபோனில் படம் எடுத்திருந்தால் அதையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.