பிரெஞ்சு கிராமத்தில் எங்கே ஓடுவது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பாரிஸ் புறநகரான லா கூர்நேவிலிருந்து சென்ற வசந்தத்தில் க்ளூனிக்கு அருகே ஒரு சிறு கிராமத்துக்குக் குடிபெயர்ந்தோம். அங்கே பூங்காவில் ஓடிக்கொண்டிருந்தவள் நான். இங்கே வாசலைத் தாண்டினால் வயலும் காடும்தான். ஆனால் எங்கே கால் வைத்தாலும் யாருடைய நிலத்திலோ நுழைகிறேன் என்ற பயம். அதனால் தார்ச் சாலை ஓரமாகவே ஓடுகிறேன். ஒருமுறை கைபேசிச் செயலி காட்டிய பாதையில் போனேன். அது ஒரு பண்ணையின் முற்றத்தில் கொண்டுபோய் விட்டது, நாய் துரத்தியது. வேட்டைக் காலம் வருகிறது, காட்டுப் பக்கம் போகாதே என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. ஊரில் நடக்கும் ஓட்டப் பந்தயத்துக்கு வேறு அழைக்கிறார்கள். நான் எங்கேதான் ஓடுவது?

க.

அன்புள்ள க.,

முதலில் அந்தத் தார்ச் சாலையை விட்டு இறங்குங்கள். ஊர்ப் பெயர்ப் பலகையைத் தாண்டியதும் கார்கள் 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும். சாலை ஓரம் என்பது ஒரு சாண் புல், அதற்கப்பால் வாய்க்கால். தவிர்க்கவே முடியாமல் சிறிது தூரம் போக நேர்ந்தால், இடப்பக்கமாக, வண்டிகளுக்கு எதிர்முகமாக ஓடுங்கள். பண்ணை நாயைவிட அந்தச் சாலை வளைவுகளுக்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

உங்கள் தயக்கத்தில் பாதி நியாயம் இருக்கிறது. பிரான்சின் காடுகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு தனியார் சொத்து. ஸ்வீடனிலோ நார்வேயிலோ போல யாருடைய நிலத்திலும் நடக்கலாம் என்ற உரிமை இங்கே கிடையாது. 2023இல் வந்த சட்டம் ஒன்று, காடுகளை உயர்வேலி போட்டு அடைப்பதைக் கட்டுப்படுத்தியது; கூடவே, தனியார் இடம் என்று அறிவிப்பு வைத்த நிலத்தில் நுழைந்தால் அபராதம் என்றும் சேர்த்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்டார்கள்.

ஆனால் இந்த நிலங்களுக்கு நடுவே ஊருக்குச் சொந்தமான மண்பாதைகள் ஓடுகின்றன. 'ஷெமன் ருரால்' என்று வரைபடத்தில் போட்டிருக்கும். இவை கம்யூனின், அதாவது ஊராட்சியின் சொத்து, பொதுமக்கள் பயன்பாட்டுக்கு உரியவை. அங்கே நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் இன்னொரு வகையும் உண்டு: தங்கள் வயல்களுக்குப் போய்வர நில உரிமையாளர்கள் கூட்டாக வைத்திருக்கும் பாதை. அதை அவர்கள் வெளியாருக்கு மூடலாம். எது எது என்று அறிய உங்கள் ஊர் மேரிக்கு, அதாவது ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் நில அளவை வரைபடத்தைக் கேளுங்கள். சின்ன ஊர்களில் வாரத்தில் ஓரிரு அரைநாள்தான் திறந்திருப்பார்கள். ஆனால் அங்கே இருக்கும் செயலாளர் அம்மாவுக்கு எந்தப் பாதையை எந்த விவசாயி முள்கம்பி போட்டு மறித்திருக்கிறார் என்பதுவரை தெரிந்திருக்கும்.

அப்படி மறிப்பதும் நடக்கிறது. வருடத்துக்கு ஒரு சால் கூடுதலாக உழுதே பாதையைத் தின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். யாரும் நடமாடாமல், யாரும் கேள்வி கேட்காமல் முப்பது ஆண்டு அனுபவித்துவிட்டால் அது அவருக்கே சொந்தம் என்று நீதிமன்றத்தில் வாதாட முடியும். மாவட்டத்தின் நடைபாதைத் திட்டத்தில் பதிவானவற்றை மட்டும், மாற்றுப் பாதை தராமல் கம்யூன் விற்க முடியாது. ஆகவே, யாருடைய நிலத்திலோ நுழைகிறேன் என்று கூசாதீர்கள். உங்கள் காலடி விழ விழத்தான் அது பொதுப்பாதையாக நீடிக்கும். உங்களைப் போன்ற புதுக்குடிகள் ஊருக்குச் செய்யக்கூடிய நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று என்பது என் கட்சி.

செயலிகளை நான் நம்புவதில்லை. முன்னால் யாரோ ஓடிய தடத்தைத்தான் அவை காட்டுகின்றன. அவர் அந்தப் பண்ணைக்காரரின் மருமகனாகக்கூட இருக்கலாம். தேசியப் புவியியல் நிறுவனமான ஈஷேயென்னின் (IGN) 1:25,000 வரைபடத்தை வாங்குங்கள். ஒரு சென்டிமீட்டர் என்றால் 250 மீட்டர். தனித்தனி வீடுகள்கூடத் தெரியும். பிறகு மரத்திலும் மின்கம்பத்திலும் பூசியிருக்கும் வண்ணக் கோடுகளைப் பாருங்கள். வெள்ளைக்குக் கீழே சிவப்பு என்றால் நெடும்பாதை. 1947இல் ஓர்லியான் அருகே லுவார் நதியோரம் தொடங்கிய அந்த வலையில் இன்று ஒரு நாட்டையே சுற்றலாம். மஞ்சள் ஒற்றைக் கோடு, ஊரில் புறப்பட்டு ஊருக்கே திரும்பும் சிறு சுற்று. பெருக்கல் குறி போட்டிருந்தால் தவறான வழி, திரும்பிவிடுங்கள். பெயர் பெற்றது என்பதற்காக நெடும்பாதையின் பின்னால் அலைய வேண்டாம். அன்றாட ஓட்டத்துக்கு மஞ்சள் கோடுதான்.

உங்கள் பக்கம் மேய்ச்சல் நாடு, வெள்ளை ஷரோலே மாடுகள். சில பாதைகள் அவற்றின் புல்வெளியை ஊடுருவியே போகும். குறுக்கே மின்வேலிக் கம்பி கட்டியிருக்கும்; அதன் ஒரு முனையில் பிளாஸ்டிக் கைப்பிடி, உள்ளே சுருள்வில். அந்தப் பிடியை மட்டும் பிடித்துக் கொக்கியைக் கழற்றி, அந்தப் பக்கம் போனதும் முதல் வேலையாக மறுபடி மாட்டிவிடுங்கள். இந்த ஊர்களில் அந்நியரை எடைபோடுவதே அதை வைத்துத்தான். உள்ளே ஓடாதீர்கள், நடங்கள். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே புகாதீர்கள். காளையும் மந்தையோடுதான் நிற்கும். கண்டால் அன்றைக்கு வேறு பாதை.

மழைநாளில் சேறு கணுக்கால்வரை ஏறும். அப்போது பழைய ரயில் தடத்தைச் சமன்செய்து அமைத்த பசுமைவழிக்கு வாருங்கள். ஜிவ்ரியிலிருந்து க்ளூனிவரை 1997இல் திறந்தார்கள். ரயிலுக்காகப் போட்ட தடம் என்பதால் ஏற்றமே தெரியாது. தெற்கே மாகோன் பக்கம் போனால் 1,600 மீட்டர் நீளச் சுரங்கம் ஒன்று வரும். வௌவால்கள் உறங்குவதற்காகக் குளிர்காலத்தில் அதை மூடிவிடுவார்கள்; அப்போது மலைமேல் சுற்றிப் போக வேண்டும். ஏற்றம் வேண்டும் என்று கால் ஊறினால் சொலுத்ரே பாறை இருக்கிறது. உயரம் 493 மீட்டர்தான், ஆனால் கடைசிச் சரிவு மூச்சை வாங்கும். ஜனாதிபதி மித்தெரான் ஆண்டுதோறும் பெந்தெகொஸ்து நாளில் ஏறிய இடம். அவர் நிதானமாகத்தான் ஏறினார், நீங்களும் வெட்கப்படாமல் நடக்கலாம்.

தண்ணீருக்கு ஒரு வழி சொல்கிறேன். கோடையில் நாக்கு வறண்டால் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். வாசலுக்குப் பக்கத்திலேயே குழாய் இருக்கும், பக்கத்தில் பூச்செடிக்கு ஊற்றும் வாளிகள் மாட்டியிருக்கும். குடிநீர் அல்ல என்று பலகை இருந்தால் தலையை மட்டும் நனைத்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்திவிட்டு வாருங்கள்.

வேட்டை விஷயத்தில் பக்கத்து வீட்டு அம்மா சொல்வதைக் கேளுங்கள். பொதுவாக செப்டம்பரிலிருந்து பிப்ரவரி கடைசிவரை. எந்தெந்த நாட்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். மேரியில் கேட்டால் சொல்வார்கள். பாதை முனையில் வேட்டை நடக்கிறது என்ற பலகையைக் கண்டால் அது சடங்கு அல்ல. காட்டுப்பன்றிக்காக வளைத்து நிற்கிறார்கள், திரும்பிவிடுங்கள். அந்த மாதங்களில் பளிச்சென்ற ஆரஞ்சு மேல்சட்டை இல்லாமல் காட்டுப் பக்கமே போகாதீர்கள். பாதை ஊருக்குச் சொந்தம் என்ற நியாயமெல்லாம் தோட்டாவிடம் செல்லாது.

எந்தச் சுற்றில் போகிறீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். பள்ளத்தாக்குகளில் கைபேசி சமிக்ஞை விட்டுப்போகும். கிடைக்கும் இடத்தில் அவசர உதவி எண் 112 வேலை செய்யும். உயரப் புல்லில் ஓடிவந்தால் குளிக்கும்போது முழங்கால் மடிப்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது லைம் நோயைக் கொண்டுவரும்.

பந்தயத்துக்குக் கட்டாயம் போங்கள். முன்பெல்லாம் மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கவே பாதிப் பேர் சோம்பிவிடுவார்கள். 2024 முதல் பெரியவர்கள் இணையத்தில் சிறு ஆரோக்கிய வழிகாட்டல் ஒன்றைப் பார்த்துமுடித்து அதன் எண்ணைக் கொடுத்தால் போதும். பந்தயத் தடத்துக்காகச் சில விவசாயிகள் அன்றைக்கு மட்டும் தங்கள் நிலத்தைத் திறந்துவிடுவதும் உண்டு. மறுவாரமும் அது திறந்திருக்கும் என்று நினைத்துப் போய்விடாதீர்கள்.