இரவு எங்கே படுத்தீர்கள்?

அன்புள்ள ஐயா,

மட்டக்களப்பில் மருத்துவ பீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். அடுத்த மாதம் கிளினிக்கல் தொடங்குகிறது. முதலில் மெடிசின் வார்ட். எந்தப் புத்தகத்தைப் பிடிப்பது, விலை கூடிய ஸ்டெதஸ்கோப் வாங்கத்தான் வேண்டுமா என்று குழப்பம். கன்சல்டன்ட் நோயாளிகளுக்கு முன்னால் ஏசுவார் என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். நோயாளியிடம் நோயின் கதையைக் கேட்டு எழுதுகிற ஹிஸ்டரி எடுப்பதில் மட்டும் பயமில்லை. பாட்சில் உள்ள சிங்களப் பிள்ளைகள்தான் கஷ்டப்படுவார்கள், எனக்குத் தமிழ்தானே. அப்பாவோடு ஆஸ்பத்திரியில் நின்றதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நோயாளி பக்கத்திலிருந்து எங்களுக்கு என்ன சொல்வீர்கள்?

வாசகி, மட்டக்களப்பு

அன்புள்ள மகளுக்கு,

ஸ்டெதஸ்கோப்புக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். 1816இல் பாரிஸில் லெனெக் என்ற டொக்டர் ஒரு பெண்ணின் நெஞ்சில் காது வைக்கக் கூச்சப்பட்டு, கடதாசியைச் சுருட்டி வைத்துக் கேட்டார். அப்படி வந்த சாமான்தான் அது. காதுக்குப் பொருந்துகிற ஒன்றை வாங்கிப் பெயரை ஒட்டி வையுங்கள், இல்லாவிட்டால் வார்டில் காணாமல் போகும். புத்தகத்தை சீனியர்களிடம் கேளுங்கள். கன்சல்டன்ட் ஏசினால் ஏசட்டும். கட்டிலில் கிடக்கிறவர்தான் உங்களுக்காகப் பாவப்படுவார்.

இதற்கெல்லாம் பதில் எழுத நான் உட்காரவில்லை. 'எனக்குத் தமிழ்தானே' என்றீர்களே, அதற்குத்தான் உட்கார்ந்தேன். தமிழ் தெரிந்தால் போதுமென்றால் எங்கள் ஊர்ச் சந்தியில் நிற்கிறவர்கள் எல்லோரும் ஹிஸ்டரி எடுக்கலாம்.

என் மாமாவுக்கு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வேளாண்மை. கதிர் முற்றிய நேரம், யானைக் காவலுக்கு வாடியில், வயல் குடிசையில், படுத்தவர் விடியப்புறம் வயிற்றுவலியோடு எழும்பினார். இரண்டு தரம் சத்தி. பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். அங்கே கேட்டதெல்லாம் நல்ல தமிழ்தான். எப்போது தொடங்கியது, எரியுதா, குத்துதா, ராத்திரி என்ன சாப்பாடு. கேஸ்ட்ரிக் என்று குளிசை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டார், விழுங்க முடியவில்லை. கண்மடல் பாதிக்கு இறங்கியிருந்தது. "ராவு முழுக்க முழிச்சிருந்தா நித்திரை வரத்தானே செய்யும்" என்றாள் மாமி.

பட்டணத்துக்குக் கொண்டு வந்தோம். அங்கே ஒரு இளம் டொக்டர், தெற்கிலிருந்து வந்த சிங்களப் பிள்ளை, தமிழ் மட்டுமட்டு. கண்ணைப் பார்த்தார். "மாமா, ராத்திரி எங்க படுத்தது?" வாடிக்குள்ளே என்றார் மாமா, குரல் மூக்கால் வந்தது. "கட்டிலா, கீழயா?" கீழே, சாக்கு விரித்து.

கட்டுவிரியன். எட்டடி விரியன் என்றும் சொல்வார்கள். நிலத்தில் நித்திரை கொள்கிறவர்களை இரவில் கடிக்கிற பாம்பு. பல நேரம் வீக்கமும் இருக்காது, நோவும் இருக்காது. கடித்த இடத்தைத் தேடினாலும் கிடைக்காது. சிலருக்கு முதலில் வருவது வயிற்றுவலிதான். பிறகு கண்மடல், தொண்டை, கடைசியில் மூச்சு. மாமா மெஷினில் மூச்சு விட்டுக் கிடந்துதான் தப்பினார்.

ஆகவே மகள், 'தொழில்: விவசாயம்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்கு ஓடாதீர்கள். எங்கே வயல், யார் காவல், எதில் படுக்கை, நுளம்புவலை உண்டா என்று கேளுங்கள். காய்ச்சலோடு வந்தவருக்குக் கெண்டைக்கால் நோகுதா, கண் சிவந்திருக்கா, சேற்றில் இறங்கினாரா, காலில் புண் இருந்ததா என்று கேளுங்கள், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலிக்காய்ச்சல் வராமலிருக்க பீஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், கொடுத்த டொக்சிசைக்ளின் குளிசையைக் குடித்தாரா, ஓலைக்குள் சொருகி வைத்துவிட்டாரா? அதைக் கேட்டால்தான் சொல்வார்கள், அதுவும் நீங்கள் ஏசமாட்டீர்கள் என்று தெரிந்தால்தான். மண்டூர்ப் பக்கத்து அம்மா கிளினிக்குக்கு வரவில்லையா? மருந்தில் அக்கறை இல்லை என்று எழுதுமுன், அவர் எத்தனை மணிக்கு எழும்பி எதிலெல்லாம் ஏறி வர வேண்டும் என்று கேளுங்கள். வேளாண்மை வெட்டு நேரத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்?

இன்னொன்று. அப்பா கிடந்தபோது வெள்ளைக் கோட் போட்ட பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். "பதினேழாம் கட்டில்ல நல்ல ஸ்ப்ளீன் இருக்கு, போய்ப் பார்" என்று வாசலில் நின்று ஒருவருக்கொருவர் சொல்வது எங்களுக்குக் கேட்கும். ஸ்ப்ளீன் என்றது அப்பாவின் வீங்கிய மண்ணீரலை. நோயாளிக்குச் செவிடு என்று நினைப்பா? ஒவ்வொரு தரமும் அப்பா சாரத்தைத் தளர்த்திக் கொடுத்தார். குளிர்ந்த கையோடு அழுத்துவார்கள், கேட்காமலே. சோறு ஆறிக்கொண்டிருக்கும். நான் கோபப்பட்டால் அவர், "விடு மனே, என்ட வயித்தில படிச்சுப் பாஸ் பண்ணட்டும்" என்பார். பாஸ் பண்ணியிருப்பார்கள். அவர் பெயரை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

சிங்களப் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் மொழிபெயர்க்க வேண்டிவரும். பெரியவர் ஐந்து வசனம் சொன்னால் அதை "வயிற்றுவலியாம்" என்று சுருக்கிக் கொடுக்காதீர்கள். அந்த ஐந்தில் வாடியும் இருக்கும், சாக்கும் இருக்கும். பதிலுக்கு அவர்களிடம் சிங்களம் படியுங்கள், இந்த ஒரு மாதத்திலேயே தொடங்குங்கள். நாளைக்கு இன்டர்ன்ஷிப் சிங்கள நோயாளிகள் கூடிய அம்பாறையில் கிடைத்தால், மட்டுமட்டாகப் பேசுகிற டொக்டர் நீங்கள்தான்.