அக்காவுக்கு எழுதிக் குடுத்தது சோதனை மருந்தே இல்ல, தம்பி

கேள்வி: எங்க அக்காவுக்கு வயசு 46. மார்புல கட்டி, பயாப்சி எடுத்துப் பாத்துட்டு கேன்சர், ரெண்டாவது ஸ்டேஜ்னு மதுரையில சொல்லிட்டாங்க. முதல்ல கீமோ, அப்புறம் ஆபரேஷனாம். சீட்டுல டாக்ஸோரூபிசின், சைக்ளோபாஸ்பமைட், பக்லிடாக்ஸல்னு எழுதியிருக்கு. மச்சான் என்னடான்னா "புது மருந்த நம்ம மேல சோதிச்சுப் பாக்குறாங்க, இயற்கை வைத்தியம்தான் சேஃப்"னு தேனிப் பக்கம் ஒரு வைத்தியர்கிட்ட மூணு மாசம் கஷாயம் குடிக்க வைக்கப் போறாரு. முள்சீத்தா கீமோவ விட பத்தாயிரம் மடங்கு பவர்னு வாட்ஸ்அப்ல வேற வந்துருக்கு. நீங்க எந்தப் பக்கம்?
— ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: நான் உங்க அக்கா பக்கம். அவங்கள கஷாயத்துக்காக மூணு மாசம் உக்கார வைக்கக் கூடாது, இத முதல்லயே சொல்லிடுறேன், மத்ததெல்லாம் பெறகு.

சீட்டுல இருக்குற மூணுல ஒண்ணு கூட சோதனை மருந்து கெடையாது தம்பி. சைக்ளோபாஸ்பமைட் 1959லருந்து புழக்கத்துல இருக்கு, டாக்ஸோரூபிசின் 1974லருந்து, பக்லிடாக்ஸல் 1992லருந்து. உலகம் பூரா மார்புப் புத்துக்கு வழக்கமா குடுக்குறதத்தான் மதுரையிலயும் எழுதிக் குடுத்துருக்காங்க. அதுலயும் பாருங்க, பக்லிடாக்ஸல் அமெரிக்காவுல ஒரு மரத்தோட பட்டையிலருந்து கண்டுபிடிச்சது, டாக்ஸோரூபிசின் இத்தாலியில மண்ணுல இருந்த ஒரு நுண்ணுயிர்லருந்து வந்தது. மச்சான் இயற்கைதான் வேணும்னா அந்தச் சீட்டுலயே மூணுக்கு ரெண்டு இயற்கையில பொறந்ததுதான். அதனால இயற்கையா கெமிக்கலாங்குறது இங்க கேள்வியே இல்ல, எவ்வளவு குடுத்தா கேன்சர் செல் சாகும், எவ்வளவு தாண்டுனா மனுசனுக்கு ஆபத்து, இத ஆயிரக்கணக்கான பேருக்குக் குடுத்து எழுதி வச்சுப் பாத்துருக்காங்களா இல்லையா, அதான் கேள்வி.

நித்தியகல்யாணிய எடுத்துக்கங்க, சுடுகாட்டுப் பூன்னு நம்ம பக்கம் வீட்டுக்குள்ள வைக்க மாட்டாங்க. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின்னு ரெண்டு மருந்து அதுலருந்துதான் வருது, பிள்ளைகளுக்கு அதிகமா வர்ற ரத்தப் புத்து வகைக்கு வின்கிரிஸ்டின் இல்லாம வைத்தியமே இல்ல. ஆனா ஒரு கிராம் மருந்துக்கு நூறு கிலோ கணக்குல காஞ்ச இலை வேணும். வாசல்ல பூத்தத நாலு இலை பறிச்சுக் கொதிக்க வச்சுக் குடிச்சா அதுல என்ன அளவு இருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. அதே மாதிரி நம்ம சித்தர் ஏடுகள்ல வர்ற வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்சனிக் ட்ரைஆக்சைடு. சீனாவுல நாட்டு மருந்துலருந்துதான் எடுத்தாங்க, 1970கள்லருந்து ரத்தப் புத்துல ஒரு குறிப்பிட்ட வகைக்குக் குடுத்துப் பாத்து, இன்னைக்கு வைட்டமின் ஏ வகை மாத்திரை ஒண்ணோட சேத்துக் குடுத்தா அந்த வகையில பத்துல ஒம்பது பேருக்கு மேல பொழச்சுக்குறாங்க. ஆனா ஈசிஜி எடுத்து, ரத்தம் பாத்து, அளந்துதான் ஏத்துறாங்க. எனக்கு சித்த மருத்துவத்து மேல மரியாதை உண்டு, அந்த மரியாதையினாலதான் சொல்றேன், அளவும் கணக்கும் இல்லாம "கேன்சர் போயிடும்"னு சொல்றவர வைத்தியர்னு என்னால ஏத்துக்க முடியாது. கேன்சரக் குணமாக்குறேன்னு விளம்பரம் பண்ணுறதே 1954ம் வருசச் சட்டப்படி குத்தம்.

முள்சீத்தா பத்தாயிரம் மடங்கு கதைக்கும் ஒரு மூலம் இருக்கு. 1996ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி, விதையிலருந்து (இலை இல்ல, விதை) பிரிச்செடுத்த ஒரு பொருள லேப்ல வளத்த குடல் புத்து செல் மேல விட்டுப் பாத்தாங்க, அந்த ஒரு செல் வகைக்கு டாக்ஸோரூபிசின விட அத்தன மடங்குன்னு வந்துச்சு. அவ்வளவுதான், மனுசனுக்கு யாரும் குடுத்துப் பாக்கல. இந்தப் பக்கம் கரீபியன்ல குவாதலூப்னு ஒரு தீவுல இந்தப் பழமும் இலைத் தண்ணியும் நெறைய சாப்பிட்டவங்களுக்கு பார்க்கின்சன் மாதிரி நடுக்கமும் தடுமாத்தமும் வருதுன்னு 1999ல டாக்டர்கள் எழுதுனாங்க. அந்தச் செய்தி மட்டும் ஏன் ஃபார்வர்டு ஆகல?

2018ல அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துக்காரங்க ஒரு ஆய்வு போட்டாங்க, குணமாக வாய்ப்பு இருந்த கட்டத்துல வழக்கமான சிகிச்சைய விட்டுட்டு மாத்து வைத்தியம் மட்டும் எடுத்தவங்களயும், அதே மாதிரி நோயோட சிகிச்சை எடுத்தவங்களயும் ஒப்பிட்டு. மாத்து வைத்தியம் மட்டும் எடுத்தவங்க பக்கம் மொத்தமா சாவு ரெண்டர மடங்கு, மார்புப் புத்துல மட்டும் பாத்தா அஞ்சு மடங்குக்கு மேல. ஏன்னா மார்புப் புத்து சீக்கிரம் பாத்தா நல்லா கேக்குற நோய், விட்டாத்தான் நஷ்டம் பெருசு. உங்க அக்கா இப்ப நிக்குறது அந்த நல்ல இடத்துல. மூணு மாசம் கழிச்சு எலும்பு, ஈரல்னு பரவிட்டுதுன்னா அப்ப அதே டாக்டர்கிட்ட போயி நின்னாலும் அவர் குடுக்க முடியுறது வேற வைத்தியம்தான். "கீமோ போட்டுத்தான் செத்தாரு"ன்னு ஊர்ல சொல்றாங்களே, அப்படிச் செத்தவங்கள்ல பல பேரு கஷாயமெல்லாம் பாத்துட்டு கடைசியில வந்தவங்க.

மச்சானோட பயத்த நான் தள்ளி விடல. திருவனந்தபுரத்துல 1999, 2000 வாக்குல வாய்ப் புத்து நோயாளிகளுக்கு சரியா சொல்லாம, முறையான அனுமதி இல்லாம சோதனை மருந்து ஏத்துனது 2001ல வெளிய வந்து பெரிய பிரச்சனையாச்சு. அது அநியாயம், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. (அந்த மருந்தும் ஒரு செடியிலருந்து வந்ததுதான்.) அந்த மாதிரி நடக்கக் கூடாதுன்னுதான் இன்னைக்கு மருந்து சோதனைக்குன்னு 2019ம் வருச விதிகள் இருக்கு. சோதனைன்னா நமக்குப் புரியுற பாஷையில எழுதிக் காட்டி கையெழுத்து வாங்கணும், மருந்துக்குக் காசு வாங்கக் கூடாது, பாதிப்பு வந்தா வைத்தியமும் நஷ்டஈடும் அவங்க பொறுப்பு, எப்ப வேணா வேணாம்னு வெளிய வந்துடலாம். கஷாயக்காரர்கிட்ட இதுல ஒண்ணையாவது கேட்டுப் பாருங்க. சோதனைன்னாலே எலியாக்குறதும் இல்ல. மும்பை டாட்டா ஆஸ்பத்திரியில முத்துன தலை கழுத்துப் புத்துக்கு, நிவோலுமாப்ங்குற வெல கூடுன மருந்த வழக்கத்துல பத்துல ஒரு பங்குக்கும் கம்மியா சேத்துக் குடுத்துப் பாத்தாங்க, ஒரு வருசம் கழிச்சு உயிரோட இருந்தவங்க நூத்துக்கு 16லருந்து 43 ஆச்சு. நம்மள மாதிரி காசு இல்லாத சனத்துக்காக நம்ம டாக்டர்களே பண்ண சோதனை அது.

இனி செய்ய வேண்டியது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா எடுத்துக்கங்க, இல்லைன்னா கலெக்டர் ஆபீஸ்ல கேளுங்க, குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம் வரைக்கும் உண்டு. காசுதான் தடைன்னா மதுரையிலயே பாலரெங்காபுரம் அரசு புத்துநோய் ஆஸ்பத்திரி இருக்கு. மச்சானையும் கூட்டிட்டுப் போயி டாக்டர் முன்னால உக்கார வச்சு, அவரு சந்தேகத்த அவரு வாயாலயே கேக்க விடுங்க. அக்காகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, டாக்ஸோரூபிசின்ங்குற அந்தச் சிவப்பு மருந்து ஏறுன அன்னைக்கு ஒண்ணுக்கு சிவப்பாப் போகும், பயப்பட வேணாம், முடி கொட்டும், முடிஞ்சதும் மொளைக்கும், வாந்திக்கு இப்ப நல்ல மாத்திரை இருக்கு, காய்ச்சல் வந்தா மட்டும் ராத்திரின்னு பாக்காம ஆஸ்பத்திரிக்குக் கெளம்பணும். இதுக்குள்ள கஷாயம் எதாவது குடிச்சிருந்தா மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, ஈரலுக்குச் சேராதது எதாவது இருந்தா கீமோவுக்கு முன்னாடியே ரத்தம் பாத்துக்குவாங்க.