செட்டிநாட்டுப் பேரூரில் வீடு: பத்திர எழுத்தரிடம் கேளுங்கள்

பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் முப்பது வருடம் பத்திரம் எழுதியவன் நான். வீடு, மனை பற்றிக் கேளுங்கள். கோர்ட் கேஸ் என்றால் வக்கீலிடம் போங்கள்.

ஊரில் ஆளே குறைகிறது, மனை விலை மட்டும் ஏறுகிறதே?

விலையை ஏற்றுகிறவர் ஊரில் இல்லை, அதுதான் விஷயம். சிங்கப்பூரிலோ சென்னையிலோ சம்பாதிப்பவர் "ஊரில் நமக்கும் ஒரு இடம் கிடக்கட்டும்" என்று வாங்கிப் போடுகிறார். விற்கும் அவசரம் அவருக்கு இல்லை. வாடகை அப்படியல்ல. இங்கேயே சம்பளம் வாங்குபவரால் எவ்வளவு தர முடியுமோ அவ்வளவுதான். போன மாதம் ஒரு வீட்டுக்கு முப்பது லட்சம் சொன்னார்கள்; அதே வீட்டுக்கு வாடகை நாலாயிரம். ஆள் குறைவதும் தெரிந்த கதைதான். 2019-21 குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை. அந்த ஒன்றிரண்டும் படித்துவிட்டு வெளியூர் போய்விடுகிறது. இன்றைய ஊர்க் கணக்கைக் கேட்காதீர்கள், கடைசி சென்சஸ் 2011-ல் எடுத்தது.

பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு மலிவாகக் கிடைக்குமா?

பர்மாப் பணத்தில் கட்டியவை பல. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் வருமானம் நின்றது, பங்காளிகள் மட்டும் பெருகினார்கள். ஒரு வீட்டுக்குள் போனேன். இரண்டாங்கட்டில் ஒரு ஆச்சி மட்டும் இருந்தார். சுற்றி இருந்த அறைகளில் பதினொரு பூட்டு, பதினொன்றும் வேறு வேறு பங்கு. அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்பனை. மகள்களை விட்டுவிடாதீர்கள். பூர்விகச் சொத்தில் அவர்களுக்குப் பங்கு தந்து இங்கே 1989-லேயே சட்டம் வந்துவிட்டது, 2005-ல் நாடு முழுக்க. மகள் கையெழுத்து இல்லாத பத்திரத்தைத் தொடாதீர்கள்.

சென்ட் என்ன விலை?

எந்தத் தெரு? பதிவுத்துறைத் தளத்தில் சர்வே எண் போட்டு வழிகாட்டி மதிப்பை, அதாவது அரசு வைத்திருக்கும் மதிப்பைப் பாருங்கள். கேட்கும் விலை வேறு.

வாடகையா, ஒத்தியா?

ஒத்தி என்றால் மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பது; காலி செய்யும்போது பணம் திரும்ப வரும். மூன்று லட்சம் ஒத்தி என்றால் 7 சதவீத வட்டிக் கணக்கில் உங்களுக்கு இழப்பு மாதம் 1,750 ரூபாய். வாடகையைவிட லாபம்தான். ஆனால் பதிவு செய்யுங்கள். வெறும் ஸ்டாம்பு பேப்பரில் எழுதியது, வீட்டுக்காரர் கண்ணை மூடினால் வம்பு.

என் மாமா பதிவே இல்லாமல் பத்து வருடம் ஒத்தியில் இருந்தார், பணமும் திரும்பி வந்ததே?

மாமாவுக்கு நல்ல வீட்டுக்காரர் அமைந்தார். ஒத்திப் பணம் பெரும்பாலும் கல்யாணத்துக்கோ வெளிநாட்டு விசாவுக்கோ அன்றே போய்விடும்.

ஆமாம் சார், நான் காலி செய்ய வேண்டும், வீட்டுக்காரர் அடுத்த ஒத்திக்காரர் வரட்டும் என்கிறார். எட்டு மாதம் ஆச்சு.

மாமாவின் மருமகன் இதைப் படிக்கட்டும். பணம் கைக்கு வராமல் சாவியைக் கொடுக்காதீர்கள் தம்பி.

பதிவுச் செலவு?

முத்திரை 7, பதிவு 2 சதவீதம். பத்து லட்சத்துக்குள் பெண் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு.

சென்ட் விலை சொல்லவே இல்லையே?

மேலே படியுங்கள்.

வீடு வேண்டாம், தேக்குத் தூண் மட்டும் வாங்கலாமா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கிடைக்கும். எந்த வீட்டுத் தூண் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பங்காளி ராத்திரியில் கழற்றி விற்றதும் உண்டு. அதற்கும் மகள் வந்து நிற்பாள்.