காயம் ஆறுகிறது, பயம் ஆறவில்லை: வெந்நீர் பட்ட குழந்தையை எப்படித் தேற்றுவது?

நாலு வயது மகன் கையில் வெந்நீர் கொட்டிப் பத்து நாளாகிறது, புண் ஆறுகிறது, ஆனால் ராத்திரி அலறி எழுகிறான், நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பும் திரும்பிவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். இதை அடிக்கடி பார்க்கிறோம். அடம் இல்லை, பயம். திட்டாமல் துணி மாற்றிப் பக்கத்தில் படுக்க வையுங்கள்.

கட்டு மாற்றுவதுதான் பெரும்பாடு. டாக்டர் எழுதிய வலி மருந்தை, அவரிடம் கேட்டுக்கொண்டு, அரைமணி நேரம் முன்பே கொடுங்கள். "வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். பொய்யென்று தெரிந்தால் அடுத்த தடவை கத்திரிக்கோலைக் கண்டதுமே கத்துவான். "கொஞ்சம் எரியும், அம்மா மடியிலேயே இருக்கலாம்" என்பது போதும். நாங்கள் கட்டை நனைத்து இளக்கிவிட்டு, ஓரத்தைக் குழந்தைகளையே பிரிக்கச் சொல்வோம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பிரிப்பார்கள். அழுகை பாதியாகக் குறைந்துவிடும்.

"பாத்திரத்தை அங்கே வைத்தது நான்தானே" என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் யாராவது குத்திக்காட்டியும் இருப்பார்கள். அதை நர்ஸிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்; புண்ணை மட்டும் பார்ப்பதல்ல எங்கள் வேலை. ஒரு மாதம் தாண்டியும் அலறல் நிற்காவிட்டால், குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.