எம்எஸ்ஏ பை

வணக்கம் அக்கா,

அப்பா தவறி ரெண்டு மாசம் ஆகுது. போன வாரம் அவர் அலமாரியை ஒதுங்க வைக்கும்போது மேல் தட்டுல ஒரு பழைய தோள் பை கிடைச்சுது, பக்கவாட்டுல எம்எஸ்ஏன்னு எழுத்து. அம்மாவுக்கும் ஒண்ணும் ஞாபகம் இல்ல. அந்த ஏர்லைன் கம்பெனி எப்படி செத்துச்சு? நாங்க திருச்சிக்குப் போன டைகர் ஏர்வேஸும் இப்ப இல்ல, சில்க்ஏரும் இல்ல, ஜெட்ஸ்டார் ஏஷியாவையும் மூடிட்டாங்க. நாங்க ஏறுனப்பல்லாம் பிளேன் ஃபுல்லாத்தானே போச்சு, அப்புறம் ஏன்க்கா?

- ஜூரோங் வெஸ்ட் வாசகர்

அன்புள்ள தம்பி,

முதல்ல ஒண்ணு, அந்தப் பையைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

எம்எஸ்ஏ, அதாவது மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், சாகலை தம்பி, அது பாகம் பிரிஞ்ச குடும்பம். மலாயன் ஏர்வேஸ்னு 1937-ல கம்பெனியைப் பதிவு பண்ணினதே கப்பல்காரங்கதான், லிவர்பூல் கப்பல் கம்பெனி ஒண்ணு, இங்க சிங்கப்பூர்ல இருந்த ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்டீம்ஷிப், கூட இம்பீரியல் ஏர்வேஸ். அப்புறம் ரெண்டாம் உலகச் சண்டை வந்து எல்லாம் நின்னு போய், 1947-லதான் காலாங் ஏர்போர்ட்லேர்ந்து ஏர்ஸ்பீட் கான்சல்னு ஒரு குட்டி பிளேன் முதல் முதலா கிளம்புச்சு, பயணிங்க அஞ்சே அஞ்சு பேர். நம்ம ஆளுங்க அப்பல்லாம் ரஜூலா கப்பல்ல நாகப்பட்டினத்துலேர்ந்து நாள் கணக்கா வாந்தி எடுத்துக்கிட்டே வந்துக்கிட்டிருந்த காலம் அது, எங்கப்பாவும் அப்படி வந்தவர்தான்.

1963-ல மலேசியா உருவானதும் பேரு மலேசியன் ஏர்வேஸ் ஆச்சு, 1965-ல நம்ம நாடு பிரிஞ்சதுக்கு அப்புறம் ரெண்டு நாட்டுப் பேரையும் சேர்த்து மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், அதான் உங்க எம்எஸ்ஏ. ஆனா ரெண்டு பேருக்கும் தேவை வேற வேற. அவங்களுக்கு சபா, சரவாக்னு உள்நாட்டு ரூட் முக்கியம், நமக்கு உள்நாட்டு ரூட்டே கிடையாது, இந்தத் தீவுக்குள்ள எங்கேர்ந்து எங்க பறக்கறது, வெளிநாடு போனாத்தான் பொழப்பு. 1972 அக்டோபர் 1-ல பிரிச்சுக்கிட்டாங்க. போயிங் 707, 737 எல்லாம் இந்தப் பக்கம், சின்ன ஃபோக்கர் பிளேனெல்லாம் அந்தப் பக்கம். அதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், நம்மாளுங்க புது கம்பெனிக்கு முதல்ல யோசிச்ச பேரு மெர்க்குரி சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். ஏன்னா அப்ப எம்எஸ்ஏங்கிற மூணு எழுத்து அப்படியே நிக்கும்ல. மலேசியா பக்கம் ஒத்துக்கலை, அதனாலதான் எஸ்ஐஏ, அதாவது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். ஏர் ஹோஸ்டஸுங்க போடற அந்த கெபாயா யூனிஃபார்ம் இருக்கே, பிரெஞ்சு டிசைனர் பியர் பால்மேன் 1968-ல பண்ணிக் கொடுத்தது, அது எம்எஸ்ஏவுக்காகப் பண்ணினதுதான், இன்னிக்கும் சாங்கி ஏர்போர்ட்ல நடந்து போகுது. ஆக உங்க அப்பா பை பிரிவினைக்கு முந்தினது, வயசு அம்பதுக்கு மேல.

டைகரும் அப்படித்தான். 2004-ல பறக்க ஆரம்பிச்சுது, 2017 ஜூலையில எஸ்ஐஏவோட இன்னொரு மலிவு விலை ஏர்லைனான ஸ்கூட்டோட கலந்துடுச்சு. அடுத்த தடவை ஸ்கூட்ல திருச்சி போகும்போது போர்டிங் பாஸைப் பாருங்க, நம்பருக்கு முன்னாடி டிஆர்னு இருக்கும். அது டைகரோட எழுத்து. ஸ்கூட்டுக்கு முன்னாடி இருந்தது டிஇசட், கலந்தப்ப டைகரோடதை எடுத்துக்கிட்டாங்க. பேரு போச்சு, எழுத்து நம்ம கையிலேயே இருக்கு.

சில்க்ஏரை மட்டும் என்னால லேசா சொல்லிட்டுப் போக முடியாது. 2021-ல எஸ்ஐஏக்குள்ளேயே சேர்ந்துடுச்சு, கோயம்புத்தூர்க்காரங்களுக்கு அது சொந்த வீட்டு வண்டி மாதிரி, அதெல்லாம் சரி. ஆனா 1997 டிசம்பர் 19-ல ஜகார்த்தாவிலேர்ந்து இங்க வந்துக்கிட்டிருந்த சில்க்ஏர் எம்ஐ185 பிளேன் இந்தோனேசியாவுல முசி ஆத்துல விழுந்து 104 பேர் போயிட்டாங்க, ஒருத்தர்கூடப் பிழைக்கலை. பேரு மறைஞ்சதோட அந்த 104 பேரும் மறந்து போயிடக் கூடாதுன்னு எனக்குத் தோணும்.

நிஜமான சாவுன்னா நான் சொல்றது ஜெட் ஏர்வேஸ், கிங்ஃபிஷர். ஜெட் 1993 மே மாசம் ஆரம்பிச்சு 2019 ஏப்ரல் 17 ராத்திரி அமிர்தசரஸ்லேர்ந்து மும்பைக்குக் கடைசியா பறந்துச்சு, பேங்க் அவசரக் கடன் தரலைன்னதும் நின்னுடுச்சு, ஆளுங்களுக்குச் சம்பளம் பாக்கி. நீங்க கேட்ட கேள்விக்கு பதில் இங்கதான் இருக்கு. பிளேன் ஃபுல்லா போறதும் கம்பெனி சம்பாதிக்கறதும் ஒண்ணு இல்ல தம்பி. எண்ணெய் விலை டாலர்ல, பிளேன் வாடகை டாலர்ல, நம்மகிட்ட வாங்கறது ரூபாயில, அதுவும் பக்கத்து கம்பெனி பத்து ரூபா குறைச்சா இவனும் குறைக்கணும். நூத்தி எண்பது சீட்டும் நிறைஞ்சு ஒவ்வொரு சீட்லயும் நஷ்டம்னா, ஃபுல்லா போகப் போக நஷ்டம்தான் ஃபுல்லாகும்.

ஜெட்ஸ்டார் ஏஷியா 2025 ஜூலை 31-ல மூடினப்பவும் இதே கதைதான், சில செலவு 200 சதவீதம் வரைக்கும் ஏறிடுச்சுன்னு காரணம் சொன்னாங்க. பதிமூணு பிளேனும் வேற நாட்டுல பறக்கும். வேலை போனது ஐந்நூறு பேருக்கு மேல. அன்னிக்கு நியூஸ் பார்த்துட்டு எனக்கு பசியாறவே பிடிக்கலை, ஏன்னா பிளேனை அடுத்த நாளே வேற பெயிண்ட் அடிச்சு ஓட்டிடலாம், நாப்பத்தஞ்சு வயசு கேபின் குரூ அக்காவை அப்படி மாத்த முடியுமா சொல்லுங்க.

சரி, பைக்கு வரேன். உள் ஜிப் இருந்தா மெதுவா திறந்து பாருங்க, அந்தக் காலத்து டிக்கெட் குட்டி புத்தகம் மாதிரி இருக்கும், பக்கத்துக்குப் பின்னாடி சிவப்பா கார்பன், தொட்டா விரல்ல ஒட்டும். அதுல அப்பா பேரும் எங்கேர்ந்து எங்கன்னும் கையால எழுதியிருப்பாங்க. இருந்துச்சுன்னா அம்மாகிட்ட முதல்ல காட்டுங்க, அப்புறமா எனக்கு எழுதுங்க.

அன்புடன்,
அக்கா